நேர்காணல் முடிந்த பிறகு முளைத்த குறைந்தபட்ச மதிப்பெண்: வழக்குப் போடலாமா?

மலைக்காற்று எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். சட்டம் தெரிந்தவர்களும், இப்படி ஒரு வழக்கை நடத்திப் பார்த்தவர்களும் யோசனை சொன்னால் உதவியாக இருக்கும்.

நாங்கள் சேர்வராயன் மலையில் நாகலூர் பக்கம். மலையாளி பழங்குடியினர். என் தங்கை பி.ஏ. முடித்தவள். சேலத்தில் ஒரு துறையின் மாவட்ட அலுவலகத்தில் அலுவலக உதவியாளர் பணியிடங்களுக்கு அறிவிக்கை வந்தது. துறையின் பெயரை வேண்டுமென்றே சொல்லவில்லை. இனச்சுழற்சியில், அதாவது எந்த இடம் எந்தப் பிரிவுக்கு என்ற வரிசையில், ஓரிடம் பழங்குடியினருக்கு. எழுத்துத் தேர்வுக்கு 85, நேர்காணலுக்கு 15, இரண்டையும் கூட்டித் தரவரிசை என்று அறிவிக்கையில் தெளிவாக இருந்தது.

தங்கை எழுத்துத் தேர்வில் 61 வாங்கினாள். பழங்குடியினர் பிரிவில் அவள்தான் முதல். நேர்காணலில் ‘எட்டாம் வகுப்பு போதும் என்ற வேலைக்கு பி.ஏ. படித்த நீ ஏன் வந்தாய்?’ என்று கேட்டிருக்கிறார்கள். பிறகு வாசலில் நின்ற சைக்கிளைக் காட்டி ஓட்டச் சொன்னார்கள். எங்கள் ஊரில் சைக்கிளுக்கு என்ன வேலை? ஏறும்போது அதை நாம் தள்ள வேண்டும், இறங்கும்போது அது நம்மைத் தள்ளிவிடும். ஆனாலும் மிதிவண்டி ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும் என்று அறிவிக்கையில் இருந்ததால், கன்னங்குறிச்சியில் சித்தி வீட்டில் தங்கிப் பழகியிருந்தாள். மூன்று சுற்று ஓட்டிக் காட்டினாள்.

முடிவை அலுவலகப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். தங்கை 61 + 6 = 67. தேர்வானவர் 47 + 13 = 60. தங்கையின் பெயருக்கு நேரே ‘தகுதி பெறவில்லை’. காரணம் தாளின் அடியில் இருந்தது: நேர்காணலில் குறைந்தபட்சம் 8 மதிப்பெண் பெறாதவர்கள் பரிசீலிக்கப்படவில்லை. மற்ற வரிகள் ஒரு எழுத்துருவிலும் இந்த வரி மட்டும் வேறு எழுத்துருவிலும் இருக்கின்றன. போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன்.

சேலம் அஸ்தம்பட்டி நீதிமன்றத்தில் வழக்குப் போடலாமா? போட்டால் நிற்குமா? ஊரில் பாதிப் பேர் ‘அரசாங்கத்தோடு எதற்கு வம்பு, அடுத்த தேர்வு எழுதச் சொல்’ என்கிறார்கள்.


கொண்டலாம்பட்டியான் எழுதியது:

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பணம் விளையாடியிருக்கிறது. 47 வாங்கியவருக்கு 13, 61 வாங்கியவருக்கு 6. சின்னக் குழந்தைக்குக்கூடப் புரியும். யார் வாங்கினார், எவ்வளவு வாங்கினார் என்று விசாரித்துப் பத்திரிகைக்குக் கொடுங்கள். நான் கேள்விப்பட்ட வரையில் (நிர்வாகியால் நீக்கப்பட்டது)


நிர்வாகி எழுதியது:

பெயரும் தொகையும் குறிப்பிட்ட வரிகள் நீக்கப்பட்டன. ஆதாரமில்லாமல் யார்மீதும் குற்றம் சாட்ட வேண்டாம். சட்ட வழிகளைப் பற்றி மட்டும் பேசுவோம்.


கருப்பு அங்கி எழுதியது:

மலைக்காற்று தம்பி, முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். மாநில அரசுப் பணிக்கான தேர்வை எதிர்த்து அஸ்தம்பட்டிக்குப் போக வேண்டியதில்லை. அரசமைப்புச் சட்டத்தின் 226-ஆம் பிரிவின்படி உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு, அதாவது அரசு அலுவலகத்தின் செயலை நேரடியாக அங்கேயே எதிர்க்கும் மனு. சேலம் மாவட்டம் மதுரைக் கிளைக்குள் வராது, சென்னைதான். ஏற்காடு எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் விடிவதற்குள் சென்ட்ரல். அங்கிருந்து பாரிமுனை பக்கம்தான். மத்திய அரசுப் பணியாக இருந்திருந்தால் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம். அங்கே ஓராண்டுக் கெடு உண்டு. ரிட்டுக்கு அப்படி எழுதப்பட்ட கெடு இல்லை; ஆனால் தாமதம் செய்தால் ‘இத்தனை நாள் எங்கே இருந்தீர்கள்’ என்ற ஒரே கேள்வியில் மனு விழுந்துவிடும். தேர்வானவர் வேலையில் சேர்ந்து, தகுதிகாண் பருவம் முடித்து, சம்பளத்தில் கடன் வாங்கிய பிறகு போய் நின்றால் எந்த நீதிபதியும் முகம் சுளிப்பார்.

இப்போது முக்கியமான ஒன்று. அந்த 8 என்ற எண்ணை உங்கள் தங்கை முதன்முதலில் எப்போது பார்த்தார்? அறிவிக்கையிலா, நேர்காணல் அழைப்புக் கடிதத்திலா, முடிவுத் தாளிலா? வழக்கு நிற்பதும் விழுவதும் இந்தக் கேள்விக்கான பதிலில்தான். அழைப்புக் கடிதத்தை ஒரு வரி விடாமல், பின்பக்கத்தையும் சேர்த்துப் படித்துவிட்டு எழுதுங்கள்.


ஐந்து ரோடு எழுதியது:

உற்சாகத்தைக் கெடுக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். நானும் தேர்வு எழுதிச் சலித்தவன்தான். 2017-இல் பாலிடெக்னிக் விரிவுரையாளர் தேர்வு எழுதினேன். 1,058 இடங்கள். விடைத்தாள் மதிப்பெண்களில் கைவைத்தது தெரிந்து 2018 பிப்ரவரியில் தேர்வையே ரத்து செய்தார்கள். ஒழுங்காக எழுதியவனுக்கும் அதே கதி. 2019 குரூப் 4 தேர்வில் ராமேஸ்வரம், கீழக்கரை மையங்களில் மறையும் மை வைத்து விளையாடியது எல்லோருக்கும் தெரியும். 99 பேருக்கு வாழ்நாள் தடை. அங்கெல்லாம் திருட்டு கண்ணுக்குத் தெரிந்தது. இங்கே என்ன இருக்கிறது? நேர்காணலில் குழு 6 போட்டது. அது குழுவின் மதிப்பீடு. நீதிபதி உட்கார்ந்து மறுபடி நேர்காணல் நடத்த மாட்டார். விடைத்தாளையே நீதிமன்றம் மறுமதிப்பீடு செய்யக் கூடாது, ஐயம் வந்தால் அதன் பலன் தேர்வு நடத்திய அமைப்புக்கே என்று 2017 டிசம்பரில் உத்தரப் பிரதேச வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் சொல்லியாயிற்று.

இன்னொன்று. தேர்வில் கலந்துகொண்டு தோற்ற பிறகு ‘முறை சரியில்லை’ என்று வழக்குப் போட முடியாது என்பதும் பழைய சட்டம். 1995-இல் ஜம்மு காஷ்மீர் வழக்கு ஒன்று, மதன் லால். தேர்ந்தெடுக்கப்பட்டால் முறை நல்ல முறை, தோற்றால் கெட்ட முறையா என்பதுதான் அதன் சாரம்.

வக்கீல் கட்டணம், சென்னைப் பயணம், வாய்தா. அந்தப் பணத்துக்கும் காலத்துக்கும் இரண்டு குரூப் 4 எழுதிவிடலாம்.


பழைய கோப்பு எழுதியது:

மாவட்ட அலுவலகங்களில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவன். ஐந்து ரோடு சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதிக்குக் கருப்பு அங்கி பதில் சொல்வார். எனக்குத் தெரிந்தது கோப்பு மட்டும்.

அலுவலகத்தில் எதுவும் வானத்திலிருந்து விழாது. அந்த 8 எங்கேயோ ஒரு குறிப்பில் பிறந்திருக்கும். பிரிவு உதவியாளர் எழுதியிருப்பார், கண்காணிப்பாளர் சுருக்கொப்பம் போட்டிருப்பார், அலுவலர் ‘ஒப்புதல்’ என்று கையெழுத்திட்டுத் தேதி போட்டிருப்பார். அல்லது தேர்வுக் குழுக் கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் இருக்கும். ஆகவே அந்தத் தேதியைத் தேடுங்கள்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடும்போது பெரும்பாலோர் ‘என் தங்கையை ஏன் தேர்வு செய்யவில்லை?’ என்று கேட்கிறார்கள். பொதுத் தகவல் அலுவலருக்கு இதைவிட வசதியான கேள்வி கிடையாது. ‘காரணம் கேட்பது தகவல் ஆகாது’ என்று ஒரு வரியில் முடித்துவிடுவார். கேள்வி கேட்காதீர்கள், காகிதத்தைக் கேளுங்கள். இந்தப் பணியிடங்கள் தொடர்பான நடப்புக் கோப்பு (கடிதங்கள் இருப்பது), குறிப்புக் கோப்பு (அலுவலகத்துக்குள் எழுதும் குறிப்புகளும் ஒப்புதல்களும் இருப்பது) இரண்டின் நகலும் பக்க எண்களோடு வேண்டும் என்று எழுதுங்கள். தேர்வுக் குழு அமைத்த ஆணை, குழுவின் நடவடிக்கைக் குறிப்பு, நேர்காணல் மதிப்பெண் தாள், நேர்காணலுக்குக் குறைந்தபட்ச மதிப்பெண் நிர்ணயித்த ஆவணம், அதற்கு அதிகாரம் தரும் விதி அல்லது அரசாணை, எல்லாவற்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். தங்கையின் விடைத்தாள் நகலையும் கேளுங்கள். தன் விடைத்தாளைப் பார்க்கத் தேர்வருக்கு உரிமை உண்டு என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பிறருடைய மதிப்பெண் விவரத்தைத் ‘தனிப்பட்ட தகவல்’ என்று மறுக்கலாம். மறுக்கட்டும், பலகையில் ஒட்டியதன் போட்டோதான் உங்களிடம் இருக்கிறதே.

பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டுங்கள். சேர்ந்ததற்கான சான்று கிடைக்கும்படி விரைவுத் தபாலில் அனுப்புங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலும் திருப்தியில்லாவிட்டாலும் முதல் மேல்முறையீடு. அதுவும் போனால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். ஆனால் ஆணையத்துக்காகக் காத்திருந்து வழக்கைத் தள்ளிப்போடாதீர்கள். அங்கே வரிசை நீளம்.

கையோடு அலுவலகத் தலைவருக்கு ஆட்சேபணை மனு ஒன்று கொடுத்துவிடுங்கள். நேரில் கொடுத்தால் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்காமல் படியிறங்காதீர்கள். ‘தபாலில் சேர்த்துவிடுகிறோம், போய் வா’ என்பார்கள். அப்படிச் சொல்லி அனுப்பிய மனுக்கள் எங்கே போகும் என்பது எனக்குத் தெரியும்.


மலைக்காற்று எழுதியது:

கருப்பு அங்கி ஐயா, அழைப்புக் கடிதத்தை இரண்டு பக்கமும் படித்துவிட்டேன். நாள், நேரம், இடம், கொண்டுவர வேண்டிய சான்றிதழ்கள், பயணப்படி கிடையாது என்ற வரி. குறைந்தபட்ச மதிப்பெண் பற்றி ஒரு சொல் இல்லை. அறிவிக்கையிலும் இல்லை. முடிவுத் தாளில்தான் முதன்முதலாக அந்த எண்ணைப் பார்த்தோம்.

தங்கைக்கு 6 போட்டதும் அநியாயம்தானே? அதையும் சேர்த்து எதிர்க்கலாமா? சைக்கிள்கூட ஓட்டிக் காட்டினாளே.


கருப்பு அங்கி எழுதியது:

அந்த 6-ஐத் தொடாதீர்கள்.

ஐந்து ரோடு சொன்னது அங்கேதான் சரி. ‘6 தவறு, 10 போட்டிருக்க வேண்டும்’ என்று நீங்கள் வாதாடினால், குழுவின் மதிப்பீட்டில் தலையிட மாட்டோம் என்று சொல்லி மனுவை முடித்துவிடுவார்கள். ‘6 ஆகவே இருக்கட்டும்’ என்று சொல்லுங்கள். 61-உம் 6-உம் 67. எதிரில் இருப்பது 60. அறிவிக்கையில் எழுதியபடி கூட்டிப் பார்த்தாலே உங்கள் தங்கை முதலிடம். அலுவலகம் போட்ட மதிப்பெண்ணையே எடுத்துக்கொண்டு அவர்கள் எழுதிய விதியையே கேட்கிறீர்கள். இந்த எளிமையைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். நேர்காணலுக்கு 15 வைத்ததே தவறு என்றும் போகாதீர்கள். 1980-இல் அஜய் ஹாசியா வழக்கிலிருந்து 15 சதவீதம் என்பது நீதிமன்றம் பொறுத்துக்கொள்ளும் அளவு.

மதன் லால் விஷயத்துக்கு வருகிறேன். முறை தெரிந்தே கலந்துகொண்டவர் பிறகு குறை சொல்ல முடியாது என்பதுதான் அது. தெரியாத விதியை எப்படி ஒப்புக்கொண்டிருக்க முடியும்? 2019-இல் பீகார் மருத்துவர் ஒருவரின் வழக்கில், தேர்வில் கலந்துகொண்டதாலேயே சட்டவிரோதமான நடைமுறையை ஏற்றுக்கொண்டதாகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் இன்னும் தெளிவாக்கிவிட்டது.

உங்கள் வழக்குக்கு நெருங்கிய தீர்ப்பு 2008-இன் மஞ்சுஸ்ரீ வழக்கு. ஆந்திராவில் மாவட்ட நீதிபதிகள் தேர்வு. நேர்காணலுக்குக் குறைந்தபட்ச மதிப்பெண் என்று முதலில் எதுவும் இல்லை. எல்லாம் முடிந்த பிறகு கொண்டுவந்தார்கள். உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. வேடிக்கை என்னவென்றால், தேர்வை நடத்தியது உயர் நீதிமன்றமே. கபடி முடிந்த பிறகு கோட்டை நகர்த்தி ‘நீ தொடவே இல்லை’ என்று சொல்வது யாராக இருந்தாலும் தவறுதான்.

இந்தத் தீர்ப்பு சரிதானா என்ற ஐயம் பின்னால் எழுந்தது. ராஜஸ்தான் உயர் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் பணித் தேர்வில், தேர்வு முடிந்த பிறகு 75 சதவீதம் வாங்கியிருந்தால்தான் தகுதி என்று ஆக்கினார்கள். அந்த வழக்கு ஐந்து நீதிபதிகள் அமர்வுக்குப் போய், 2024 நவம்பர் 7 அன்று தீர்ப்பு வந்தது. தேர்வு நடைமுறை தொடங்கிய பிறகு, விதியோ அறிவிக்கையோ இடம் தராவிட்டால், நடுவில் தகுதி அளவுகோலை மாற்றக் கூடாது. மஞ்சுஸ்ரீ தீர்ப்பு செல்லும்.

அதே தீர்ப்பில் உங்களுக்கு எதிராகப் போகக்கூடிய பகுதியும் இருக்கிறது. அளவுகோல் வைக்க விதியோ அறிவிக்கையோ அதிகாரம் தந்திருந்தால், அந்தக் கட்டம் வருவதற்கு முன்பே அதை நிர்ணயிக்கலாம். தேர்வரும் சரி, மதிப்பிடுபவரும் சரி, திடுக்கிடக் கூடாது, அவ்வளவுதான். எனவே அரசுத் தரப்பு இரண்டு வழியில் வரும். ‘விதியில் அதிகாரம் இருக்கிறது’ என்பார்கள். ‘நேர்காணலுக்கு முந்தைய நாளே குழு முடிவு செய்துவிட்டது, அறிவிக்க மட்டும் விட்டுப்போனது’ என்பார்கள். பழைய கோப்பு ஐயா கேட்கச் சொன்ன அந்தத் தேதி இதற்குத்தான்.


கொண்டலாம்பட்டியான் எழுதியது:

எல்லாம் சரி ஐயா. பணம் வாங்கியதைப் பற்றி மனுவில் எழுதவே மாட்டீர்களா? அதை விட்டுவிட்டுத் தேதியையும் எழுத்துருவையும் பிடித்துக்கொண்டு இருந்தால், திருடன் நிம்மதியாக இருப்பான்.


கருப்பு அங்கி எழுதியது:

ஆதாரம் இருந்தால் லஞ்ச ஒழிப்புத் துறைக்குப் போங்கள், அது தனி வழி. ரிட் மனுவில் கெட்ட எண்ணத்தோடு செய்தார் என்று எழுதினால், அந்த அலுவலரைப் பெயர் சொல்லி எதிர்மனுதாரராகச் சேர்க்க வேண்டும். எங்கே, எப்போது, என்ன என்று விவரமும் வேண்டும். ‘ஊரில் பேசிக்கொள்கிறார்கள்’ என்பது பிரமாணப் பத்திரத்தில் நிற்காது. நிற்காத குற்றச்சாட்டு ஒன்று மனுவில் இருந்தால் நிற்கக்கூடிய வாதத்தையும் அது இழுத்துக்கொண்டு போகும். நேர்காணல் குழுவில் தேர்வானவரின் உறவினர் யாராவது இருந்தார் என்று தெரிந்தால் மட்டும் சொல்லுங்கள், அது வேறு கதை. தேர்வுக் குழுவில் உட்கார்ந்தவரே தேர்வரும் ஆன கிரைபக் வழக்கு 1969-இலேயே அதை முடித்துவைத்துவிட்டது.


நான்காம் எதிர்மனுதாரர் எழுதியது:

நெடுநாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தவன். இந்த இழைக்காகவே கணக்குத் தொடங்கினேன். பெயரைப் பார்த்தாலே தெரியும்.

ஆத்தூர்ப் பக்கம். வேறொரு துறையில், இதே போன்ற ஒரு கடைநிலைப் பணிக்குத் தேர்வாகிச் சேர்ந்தேன். யாருக்கும் ஒரு ரூபாய் கொடுத்ததில்லை. நேர்காணலில் கேட்டார்கள், பதில் சொன்னேன், வேலை கிடைத்தது. எனக்கு அந்தக் கணக்கு எப்படிப் போட்டார்கள் என்று அன்றும் தெரியாது. சேர்ந்த மூன்றாம் மாதச் சம்பளத்தில் அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை செய்தோம். அதற்கடுத்த வாரம் நீதிமன்ற நோட்டீஸ் வந்தது. அதில் என் பெயருக்கு முன்னால் நான்காம் எதிர்மனுதாரர் என்று இருந்தது. எங்கள் வீட்டில் யாரும் போலீஸ் நிலையப் படிகூட ஏறியதில்லை. அப்பா அந்தக் காகிதத்தைக் கையில் வாங்க மறுத்தார்.

அதன் பிறகு என் பணி ‘வழக்கின் முடிவுக்கு உட்பட்டது’ ஆயிற்று. தகுதிகாண் பருவம் முடிந்தும் ஆணை வரவில்லை. வங்கியில் வீட்டுக் கடன் கேட்டேன். அலுவலகம் கொடுத்த சான்றில் அந்த வரி இருந்தது, மேலாளர் கோப்பை மூடி என்னிடமே நீட்டினார். பெண் பார்க்கப் போன இடத்தில் தரகரே முன்கூட்டிச் சொல்லிவிட்டார். அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்க மாட்டார்கள், ஆனால் நீண்டகால வேலை எதையும் என்னிடம் தர மாட்டார்கள். ‘இவன் இருப்பானோ போவானோ’ என்ற கணக்கு.

மனுவைப் படித்தபோது ஒன்று புரிந்தது. மனுதாரர் பக்கம் நியாயம் இருந்தது. மதிப்பெண் கூட்டலில் தவறு செய்தது அலுவலகம். ஆனால் மனுவில் என்னைப் பற்றி ‘செல்வாக்கைப் பயன்படுத்தி’ என்று எழுதியிருந்தார்கள். என் செல்வாக்கு என்னவென்று எனக்குத் தெரியும்: அப்பாவுக்கு மரவள்ளிக்கிழங்கு லோடு ஏற்றும் வேலை. கடைசியில் மனுதாரருக்கு வேலை கொடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது. காலியிடம் இருந்ததால் என்னையும் அதில் வைத்துக்கொள்ளலாம் என்றது நீதிமன்றம். எல்லா வழக்கிலும் அப்படி வராது. மேற்கு வங்கத்தில் 2025 ஏப்ரலில் 25,753 பள்ளிப் பணி நியமனங்கள் ஒரே தீர்ப்பில் போயின. அதில் முறைகேடே செய்யாதவர்களும் எத்தனையோ பேர். நல்லது எது, கெட்டது எது என்று பிரிக்க முடியாத அளவுக்குத் தேர்வு கெட்டிருந்ததாம்.

வழக்குப் போடாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. போடுங்கள். அந்தப் பையனைப் பற்றித் தெரியாததை மட்டும் எழுதாதீர்கள்.


தாரமங்கலம் வாசகி எழுதியது:

இதைப் படித்த பிறகு கேட்கத் தோன்றுகிறது. அந்தப் பையனை வழக்கில் சேர்க்காமலே விட முடியாதா? அலுவலகத்தின் மீது மட்டும் போட்டால் என்ன? தவறு செய்தது அவர்கள்தானே?


கருப்பு அங்கி எழுதியது:

முடியாது அம்மா. அவருடைய வேலையைத்தான் கேட்கிறோம். அவரைக் கேட்காமல் அவருக்கு எதிராக உத்தரவு போட மாட்டார்கள். 1984-இல் பிரபோத் வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்தமாகச் சொல்லியிருக்கிறது: பாதிக்கப்படப் போகிறவர்களைச் சேர்க்காத ரிட்டை உயர் நீதிமன்றம் விசாரிக்கவே கூடாது. நல்ல வாதம் கையில் இருந்தும் இந்த ஒரு குறையால் தோற்றவர்களைப் பார்த்திருக்கிறேன். நான்காம் எதிர்மனுதாரர் தம்பி சொன்னபடி செய்யலாம். அவரைச் சேர்ப்போம், அவர்மீது குற்றம் எதுவும் சொல்ல மாட்டோம். இந்த வழக்குக்கு அது தேவையும் இல்லை.


மலைக்காற்று எழுதியது:

தேர்வானவர் கருமந்துறைப் பக்கம் என்று தெரிந்தது. கல்வராயன் மலை. அவரும் எங்கள் இனம்தான். தங்கையிடம் சொன்னேன். ‘அவனுக்கும் எனக்கும் ஒரே ஓரிடம்தான் வைத்திருக்கிறார்கள், அதற்கு நான் என்ன செய்ய’ என்றாள். பழங்குடியினருக்கு ஒரு சதவீதம். அடுத்த சுழற்சி எப்போது வரும், அதற்குள் இவளுக்கு வயது வரம்பு என்ன ஆகும், யாருக்குத் தெரியும்?

செலவுதான் இப்போது கவலை. காப்பி பறிக்கும் கூலியில் சென்னை வக்கீல் எட்டாது.


வாழப்பாடி அக்கா எழுதியது:

தம்பி, உன் தங்கை பெண், அதோடு பழங்குடியினர். இரண்டில் ஒன்று இருந்தாலே போதும். 1987 சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் கிடைக்கும். அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கிறது. உயர் நீதிமன்ற வழக்கு என்று சொன்னால் அங்கிருந்து சென்னையிலுள்ள உயர் நீதிமன்றச் சட்டப் பணிகள் குழுவுக்கு அனுப்புவார்கள். 15100 என்ற எண்ணுக்கும் பேசலாம்.

அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன். இலவச வக்கீல் என்றால் ஏனோதானோ என்று இருப்பார் என்ற பேச்சு உண்டு. எனக்குக் கிடைத்தவர் நன்றாகவே நடத்தினார். ஆனால் காகிதங்களை நாம்தான் ஒழுங்காக எடுத்துப் போக வேண்டும். அறிவிக்கை, ஹால் டிக்கெட், அழைப்புக் கடிதம், முடிவுத் தாள், ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமை) மனு, பதில், ஆட்சேபணை மனு, எல்லாம் தேதி வரிசையில். எதையும் பஸ்ஸில் மடித்துக் கையில் வைத்துக்கொண்டு வராதே. இருபது கொண்டை ஊசி வளைவு இறங்குவதற்குள் என் சான்றிதழ் ஒன்று வியர்வையில் நைந்துபோனது.

சாதிச் சான்றிதழையும் ஒரு முறை சரிபார்த்துக்கொள். பழங்குடியினர் சான்று வட்டாட்சியர் கொடுத்தது செல்லாது. கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர் கையெழுத்து வேண்டும். வழக்கு சூடு பிடித்தால் எதிர்த்தரப்பு முதலில் கல்லெறிவது அங்கேதான்.


மலைக்காற்று எழுதியது:

சான்று கோட்டாட்சியர் கொடுத்தது, இணையத்திலும் சரிபார்க்கிறது. நன்றி அக்கா.

ஆர்டிஐ பதில் வந்துவிட்டது. மதிப்பெண் தாளைத் தர மறுத்துவிட்டார்கள், பழைய கோப்பு ஐயா சொன்ன அதே காரணம். ஆனால் குறிப்புக் கோப்பின் நகல் கொடுத்திருக்கிறார்கள். அதில் நேர்காணல் நடந்ததற்கு மறுவாரத் தேதியிட்ட ஒரு குறிப்பு. ‘நேர்காணலில் மிகக் குறைந்த மதிப்பெண் பெற்றோர் எழுத்துத் தேர்வு மதிப்பெண்ணால் முன்னிலை பெறும் நிலை உள்ளதால், குறைந்தபட்ச மதிப்பெண் 8 என நிர்ணயிக்கலாம்’ என்று எழுதி, கீழே ஒப்புதல். அதிகாரம் தரும் விதி என்று கேட்ட இடத்தில் ‘தேர்வுக் குழுவின் முடிவு’ என்று மட்டும் பதில்.


பழைய கோப்பு எழுதியது:

பார்த்தீர்களா. எழுதிய உதவியாளர் நேர்மையானவர், பாவம். நடந்ததை நடந்தபடி எழுதி வைத்திருக்கிறார். அந்தப் பக்கத்தைச் சான்றிட்ட நகலாகவே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.


ஐந்து ரோடு எழுதியது:

இந்தக் குறிப்பைப் பார்த்த பிறகு, போடுங்கள் என்றுதான் சொல்வேன். மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு, யாரை விலக்க வேண்டுமோ அவருக்கு மேலே கோடு போட்டிருக்கிறார்கள். ஆனால் வென்றாலும் உடனே வேலை என்று நினைத்துவிடாதீர்கள். பட்டியலில் பெயர் இருப்பதாலேயே நியமன உரிமை வந்துவிடாது என்று 1991-இலேயே ஐந்து நீதிபதிகள் சொல்லியிருக்கிறார்கள். அலுவலகம் ‘இந்தத் தேர்வையே ரத்து செய்கிறோம்’ என்று கிளம்பினால்?


கருப்பு அங்கி எழுதியது:

அதே 1991 சங்கர்சன் தாஸ் தீர்ப்பில், காலியிடத்தை நிரப்பாமல் விடுவதற்கும் நியாயமான காரணம் வேண்டும், தன்னிச்சையாகச் செய்யக் கூடாது என்றும் இருக்கிறது. அந்த இடத்தில் ஆளை ஏற்கெனவே அமர்த்திவிட்டார்கள், இனி அந்தப் பணியிடமே தேவையில்லை என்று சொல்வது கடினம். மனுவில் கோரிக்கையைச் சரியாக எழுத வேண்டும். 8 மதிப்பெண் நிபந்தனையையும், பழங்குடியினர் சுழற்சிக்கான தேர்வையும் மட்டும் ரத்து செய்து, அறிவிக்கைப்படி கூட்டிய மதிப்பெண் அடிப்படையில் தங்கையைப் பரிசீலிக்க ஆணையிடுமாறு கேட்க வேண்டும். மொத்தப் பட்டியலையும் ரத்து செய் என்று கேட்டால் மற்றப் பிரிவினர் எல்லோரும் எதிர்மனுதாரர்கள் ஆகிவிடுவார்கள். உங்களுக்கு அவர்களோடு சண்டை இல்லை.


மலைக்காற்று எழுதியது:

சில வாரங்களாக எழுத முடியவில்லை. சட்டப் பணிகள் குழு மூலம் வக்கீல் அமைந்தார், பெண் வக்கீல். மனு தாக்கலாகி எண்ணிடப்பட்டது. முதல் விசாரணையில் குறிப்புக் கோப்பின் அந்தப் பக்கத்தை நீதிபதி கேட்டு வாங்கிப் படித்ததாக வக்கீல் சொன்னார். இடைக்காலத் தடை தரவில்லை. அந்த நியமனம் இந்த ரிட் மனுவின் முடிவுக்கு உட்பட்டது என்று உத்தரவு. எதிர்மனுதாரர்களுக்கு நோட்டீஸ். அரசு வழக்கறிஞர் பதில் மனு தாக்கல் செய்ய அவகாசம் கேட்டிருக்கிறார்.

கருமந்துறைத் தம்பியைப் பற்றி மனுவில் ஒரு குறையும் எழுதவில்லை. வக்கீலிடம் தங்கையே சொல்லிவிட்டாள். குரூப் 4-க்கும் படித்துக்கொண்டுதான் இருக்கிறாள்.


கருப்பு அங்கி எழுதியது:

நல்ல தொடக்கம். தடை கிடைக்கவில்லை என்று வருந்த வேண்டாம், ஆள் சேர்ந்துவிட்ட பிறகு இதுவே பெரிது. பதில் மனு கைக்கு வந்ததும், 8 மதிப்பெண் எப்போது முடிவானது என்று அவர்கள் சொல்லும் பத்தியை முதலில் பாருங்கள். குறிப்புக் கோப்பில் உள்ள தேதிக்கு முந்தைய தேதி எதையாவது சொல்லியிருந்தால், மூலக் கோப்பை நீதிமன்றத்தில் காட்டச் சொல்லி உடனே கேட்க வேண்டும். அந்தப் பத்தியை மட்டும் இங்கே தட்டச்சு செய்து போடுங்கள். பெயர்களை எடுத்துவிடுங்கள்.